சர்ச்சே உலகமாக வாழ்ந்த அம்மாவை, பாட்டியை நினைவுகூர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் யாருடைய அம்மாவோ பாட்டியோ இறந்துவிட்டால், அடக்க ஆராதனையிலோ நினைவு ஆராதனையிலோ வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். அதை எழுதிக் கொடுப்பதும், அவர்களே எழுதி வந்தால் திருத்திக் கொடுப்பதும் பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை. வீடு வேறு, சபை வேறு என்றாலும் கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்கிற பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நாளைக்கே அடக்கம் என்று அவசரத்தில் இருப்பவர்கள் முதல் மூன்றை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காரலாம்.

வாழ்க்கைக் குறிப்புன்னா பிறந்த தேதி, கல்யாணத் தேதி, பிள்ளைங்க பேரு, அவ்வளவுதானே?

அவை கட்டாயம் வேண்டும். பிறப்பு, பெற்றோர், ஞானஸ்நானம், படிப்பு, பார்த்த வேலை, திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சபையில் செய்த ஊழியம், இறந்த நாள். இதை முதல் பத்தியிலேயே முடித்துவிடுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கேட்கிறவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பிள்ளைகள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பல வருடம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூட, இந்த அம்மா சின்ன வயதில் என்ன ஆசைப்பட்டார், எதற்குப் பயந்தார், எப்போது வாய்விட்டுச் சிரிப்பார் என்பது தெரியாமல் இருக்கலாம். மீதி இடத்தை அதற்குக் கொடுங்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று சம்பவங்கள் இருந்தால் போதும்.

எங்க அம்மா ரொம்ப சாதாரணமானவங்க. சர்ச்சுக்குப் போவாங்க, வீட்டைப் பார்த்துப்பாங்க. எழுத என்ன இருக்கு?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் தொற்காள் என்று ஒரு பெண் வருகிறாள். தபீத்தாள் என்றும் பெயர். யோப்பா பட்டணத்துக்காரி. அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. அவள் இறந்ததும் பேதுருவை அழைத்து வருகிறார்கள், அவர் மேல்வீட்டுக்கு ஏறிப் போகிறார், அங்கே விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவர்கள் அவரிடம் என்ன செய்தார்கள் தெரியுமா? தொற்காள் தங்களோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அதைவிட நல்ல வாழ்க்கைக் குறிப்பை நான் எங்கும் படித்ததில்லை.

ஆக, "எங்க அம்மா என்ன சாதிச்சாங்க" என்று யோசிக்காமல், "அவங்க கையால செஞ்சது எதெல்லாம் இன்னும் இருக்கு" என்று யோசியுங்கள். ஆராதனைக்கு முன்பே போய் பீடத்துத் துணியை மாற்றியது யார்? புதிதாக ஒரு பெண் தனியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? யார் வீட்டில் பிரசவம், யார் ஆஸ்பத்திரியில் என்று போதகருக்கு முன்பாகவே தெரிந்து வைத்திருந்தது யார்? இதெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெண்கள் ஐக்கியத்தில், பாடகர் குழுவில், ஓய்வுநாள் பள்ளியில் அவரோடு இருந்தவர்களிடம் போன் போட்டுக் கேளுங்கள். ரோமர் 16:13இல் பவுல் ரூபுவின் தாயை வாழ்த்தும்போது தனக்கும் தாய் என்கிறார். உங்கள் அம்மாவையும் அப்படிச் சொல்ல வெளியே ஒருவராவது இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

"ஜெப வீராங்கனை, பக்தியுள்ள தாய், அன்பின் உருவம்"னு எழுதியிருக்கோம். நல்லாதானே இருக்கு?

பொய் இல்லை, ஆனால் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். பெயரை மட்டும் மாற்றி அடுத்த வாரம் இன்னொருவருக்கும் வாசிக்கலாம் என்றால் அது உங்கள் அம்மாவைப் பற்றியது ஆகாது. ஒவ்வொரு பட்டத்தையும் எடுத்து, "எதனால அப்படிச் சொல்றோம்?" என்று கேட்டு, வருகிற பதிலை எழுதுங்கள்.

ஒரு மகள் "ஜெப வீராங்கனை" என்று எழுதி வந்தார். எதனால் என்று கேட்டேன். அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு இருக்கும், அதில் வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு நேரே வேலை, கல்யாணம், கடன், குடி என்று ஒற்றைச் சொல், காரியம் நடந்துவிட்டால் ஒரு சின்ன டிக்கும் தேதியும் போடுவார் என்றார். டிக் விழாத பெயர்களை அடுத்த நோட்டு வாங்கும்போது முதல் பக்கத்தில் திரும்ப எழுதுவாராம். அதை அப்படியே எழுதச் சொன்னேன். பட்டத்தை எடுத்துவிட்டோம், அது இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

ஞானஸ்நானத் தேதி, கல்யாணத் தேதி யாருக்கும் சரியா தெரியல. எங்கே தேடுறது?

சர்ச் பதிவேட்டில். இங்கிலாந்தில் 1538இலேயே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபைப் பகுதியிலும்) பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் பதிவு செய்வதை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் (ஆயர்களின் மாநாடு) கட்டாயமாக்கியது. அதனால் பழைய சபைகளில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதிவு இருக்கும். பெயர், தோராயமான வருடம், பெற்றோர் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் தேடிக் கொடுப்பவருக்கு வேலை சுலபம். பெயரின் எழுத்து அந்தக் காலத்தில் வேறு மாதிரி இருந்திருக்கும், அதையும் மனதில் வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு வசதி உண்டு. உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றையும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானப் பதிவிலேயே குறித்து வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (535ஆம் பிரிவு). எத்தனை இடம் மாறியிருந்தாலும், திருமுழுக்கு பெற்ற பங்கைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதற்கும் வழி கிடைக்கும். ஞானப்பெற்றோர் பெயரும் அங்கேயே இருக்கும், அந்த வழியில் மறந்துபோன ஒரு உறவு திரும்பக் கிடைத்த குடும்பங்களும் உண்டு.

எங்கும் கிடைக்காவிட்டால் தேதியை விட்டுவிடுங்கள். ஊகித்து ஒன்றைப் போட்டால் நாளைக்கு அதுவே கல்லறைக் கல்லில் ஏறிவிடும்.

அம்மாவோட வேதாகமம் முழுக்க கோடும் குறிப்புமா இருக்கு. அதை என்ன செய்யலாம்?

முதலில் யாரும் எதையும் எடுக்காமல், எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். நடுவில் சொருகி வைத்த காகிதம், வாழ்த்து அட்டை, காய்ந்த பூ எது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தோடு சேர்த்து எடுங்கள், ஏனென்றால் அவர் அதை அங்கே வைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். லேமினேஷனும் வேண்டாம், அப்புறம் பிரிக்கவே முடியாது.

பிறகு நிதானமாகப் பாருங்கள். கோட்டின் நிறம், கையெழுத்து நடுங்கத் தொடங்கிய இடம், ஒரே வசனத்தின் ஓரத்தில் வேறு வேறு வருடங்களில் போட்ட தேதிகள். மகன் வேலையில்லாமல் இருந்த வருடம், கணவர் ஆபரேஷனுக்குப் போன நாள், பேத்தி பிறந்த இரவு. வீட்டில் யாரிடமும் சொல்லாததை அந்த அம்மா சங்கீதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பார். வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி இங்கிருந்து வந்தால் அதுதான் கேட்பவர்கள் மனதில் நிற்கும். ஆனால் மிகவும் அந்தரங்கமானதும், உயிரோடு இருக்கிற ஒருவரை நோகடிக்கிறதும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

எந்த வசனம் போடலாம்? எல்லாரும் நீதிமொழிகள் 31தான் போடுறாங்க.

போடுவதில் தப்பே இல்லை. 10 முதல் 31 வரை 22 வசனம், எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகிற கவிதை அது. 28ஆம் வசனத்தில் பிள்ளைகள் எழும்பி அவளைப் பாக்கியவதி என்கிறார்கள், அதைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். ஆனால் அந்தப் பெண் நிலம் வாங்குகிறவள், வியாபாரம் செய்கிறவள், வேலைக்காரர்களை நடத்துகிறவள். உங்கள் அம்மா அந்த மாதிரி என்றால் சரியாகப் பொருந்தும்.

பாட்டியின் விசுவாசம் மகளுக்கும் பேரனுக்கும் வந்த குடும்பம் என்றால் 2 தீமோத்தேயு 1:5. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று இருவரையும் பெயர் சொல்லிப் பவுல் எழுதுகிற இடம். விதவையாகி நெடுங்காலம் சர்ச்சே கதி என்று இருந்தவருக்கு லூக்கா 2இல் வரும் அன்னாள் இருக்கிறாள், 84 வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காதவள். நீண்ட நோயில் இருந்தவருக்கு ஏசாயா 46:4. எதற்கும் முன்னால், மேலே சொன்னபடி அவருடைய வேதாகமத்தைத் திறந்து அவரே அதிகம் கோடிட்ட வசனம் எது என்று பாருங்கள். அது இருந்தால் வேறு தேடவே வேண்டாம்.

நான் பேச எழுந்தா அழுதுடுவேன். வேற யாரையாவது பேச வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் அழுகைக்குப் பயந்து மட்டும் விலக வேண்டாம். திருச்சபையின் பெரிய போதகராக மதிக்கப்படும் புனித அகுஸ்தீன், தன் தாய் மோனிக்கா 387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்தபோது, விசுவாசிக்குத் துக்கம் கூடாது என்று எண்ணி அடக்கம் முடியும்வரை கண்ணீரை வலுக்கட்டாயமாக அடக்கிவைத்தார். அதற்கப்புறம் தனியாகப் படுத்திருக்கும்போது தாங்க முடியாமல் அழுது தீர்த்ததை, தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் 9ஆம் பகுதியில் அவரே எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால் நமக்கென்ன.

எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம். கண் மங்கினால் இடம் தவறிவிடும். இன்னொரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்துவைத்தால், நீங்கள் நிறுத்துகிற இடத்திலிருந்து அவர் தொடரலாம். நாலைந்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி வீட்டிலேயே சத்தமாக வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

பூசையில குடும்பத்தார் பேசக் கூடாதுன்னு ஃபாதர் சொல்றார். இது என்ன நியாயம்?

அவர் தன்னிஷ்டத்துக்குச் சொல்லவில்லை. அடக்கத் திருப்பலியில் சிறிய மறையுரை இருக்கலாம், ஆனால் இறந்தவரைப் புகழ்கிற உரை அந்த இடத்தில் கூடாது என்று உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் போதனை 382ஆம் எண்ணில் இருக்கிறது. அந்த நேரத்தில் சொல்லப்பட வேண்டியது கிறிஸ்துவின் உயிர்ப்பு என்பதுதான் அதன் காரணம். அடக்கச் சடங்குமுறையிலேயே உங்களுக்கு வேறு இடம் உண்டு. நற்கருணைக்குப் பின், இறுதிப் பிரியாவிடை தொடங்குமுன், குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். முந்தின இரவு விழிப்பு ஜெபத்தில் இன்னும் நிதானமாகப் பேசலாம். "புகழுரை வாசிக்கணும்" என்று கேட்காமல், "கடைசியில் மூன்று நிமிடம் நன்றி சொல்லலாமா" என்று கேட்டுப் பாருங்கள்.

மற்ற சபைகளில் முறை வேறு வேறு. வாசிக்கப்போவதை முன்கூட்டியே போதகரிடம் காட்டிவிட்டால் பிரச்சனை வராது.

பேரப்பிள்ளைங்களை எப்படிச் சேர்க்கிறது? சின்னப் பசங்க, பேச வராது.

பேச வைக்க வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பாட்டி நல்லவங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "சர்ச்ல பாட்டி பக்கத்துல உட்கார்ந்தா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தால் பாட்டி கண்ணை மூடிக்கொண்டே தொடையில் கிள்ளுவார், காணிக்கைக் காசை முன்னாடியே கையில் கொடுத்துவிடுவார், பிரசங்கம் நீண்டால் கைக்குட்டையை மடித்துப் பொம்மை செய்து கொடுப்பார். பெரியவர்கள் எழுதுகிற எந்தப் பத்தியிலும் இது வராது.

வளர்ந்த பேரப்பிள்ளைகளிடம் பாட்டியின் குரல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறந்தநாளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது போனில் கிடக்கும். போன் மாற்றும்போது போய்விடும், அதனால் இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பழைய கேசட்டில் பாட்டுப் பாடியது இருந்தால் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், டிஜிட்டலாக மாற்றித் தருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். நாடா பழசாகிவிட்டால் ஓட்டும்போதே அறுந்துபோகும்.

அம்மா ரொம்பக் கண்டிப்பு, கோபக்காரி. மருமகள்களுக்கு அது தெரியும். நல்லதை மட்டும் சொன்னா போலியா இருக்காதா?

இருக்கும். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரிந்துவிடும். மேலே சொன்ன அகுஸ்தீனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாயை அவ்வளவு உயர்வாக எழுதுகிறவர், அதே பகுதியில், சிறுமியாக இருந்தபோது மோனிக்கா திராட்சரசம் எடுத்துவரப் போகும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகியதையும், சண்டையில் ஒரு வேலைக்காரப் பெண் அதைச் சொல்லிக் குத்திக்காட்டியதும் வெட்கப்பட்டு விட்டுவிட்டதையும் எழுதிவைத்தார். அதைப் படித்து மோனிக்காவை யாரும் குறைவாக நினைக்கவில்லை, இன்றும் ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். கோபம் அவரோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த குணம் என்றால், "அம்மாவுக்குக் கோபம் சட்டென்று வரும், மன்னிப்பு கேட்க அவருக்கு நாளாகும், ஆனால் கேட்காமல் திருவிருந்துக்குப் போகமாட்டார்" என்பது போல, அவர் அதோடு எப்படிப் போராடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அப்படி உண்மையிலேயே நடந்திருந்தால் மட்டும். ஒருவருக்கு ஆறாத காயம் இருக்கிறது, மன்னிப்பு நடக்கவே இல்லை என்றால், மேடையில் எதிராகவும் பேச வேண்டாம், "யாரையும் நோகடித்ததில்லை" என்று எழுதி அவரை இன்னொரு முறை நோகடிக்கவும் வேண்டாம்.

எனக்கு விசுவாசம் இல்ல. சர்ச்சுக்குப் போறதை விட்டு ரொம்ப நாளாச்சு. அம்மாவோட பக்தியைப் பத்தி நான் எப்படிப் பேசறது?

உங்களுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை, அவருக்கு இருந்ததை மறைக்கவும் வேண்டியதில்லை. சர்ச்சை எடுத்துவிட்டால் அவர் வாழ்க்கையில் பாதி காணாமல் போய்விடும். "அம்மா நம்பினார், நான் பார்த்தேன்" என்ற இடத்தில் நின்று பேசுங்கள். மழையானாலும் கால்வலியானாலும் போனது, எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னது, நான் வேண்டாம் என்றதும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டுத் தனியாக ஜெபித்தது. இதைச் சொல்ல விசுவாசம் தேவையில்லை, பார்த்த கண் போதும். விசுவாசிகள் பேசியதைவிட இப்படிப்பட்ட பிள்ளைகள் பேசியது சபையை அதிகம் தொட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. பேர் வரிசையிலேயே சண்டை வருது.

வயது வரிசை, அவ்வளவுதான். யார் பார்த்துக்கொண்டார்கள், யார் பணம் அனுப்பினார்கள் என்பதை வைத்து வரிசை மாற்றாதீர்கள். அம்மாவுக்கு முன்பே இறந்த பிள்ளையின் பெயரும் அந்த வயதில் வரும் இடத்திலேயே வரட்டும், குழந்தையாக இறந்தது என்றாலும்கூட. தன் பிள்ளைகளை எண்ணும்போது அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா ஒரு நாளும் எண்ணியிருக்கமாட்டார்.

கடைசி வருஷங்கள்ல மறதி நோய். எங்களையே தெரியல, சர்ச்சுக்கும் போகல. அதைச் சொல்லணுமா?

சொல்லலாம், சொல்வது நல்லது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யார் வீட்டிலாவது அதே நோய் இருக்கும், வெட்கப்பட்டு மறைத்து வைத்திருப்பார்கள். நோயின் பெயரைச் சொல்லி, இரண்டு வரியில் சொல்லி முடியுங்கள். படிப்படியான விவரமும், அவரைச் சங்கடமான நிலையில் காட்டுகிற எதுவும் வேண்டாம்.

அதோடு ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். அல்சைமர் போன்ற நோயில் பெயரும் முகமும் போன பிறகும், சின்ன வயதிலிருந்து பாடிப் பழகிய பாட்டு பலருக்கு நெடுநாள் தங்கியிருக்கும். மகளை யார் என்று கேட்கிற பாட்டி, பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டை யாராவது எடுத்துக் கொடுத்தால் அடுத்த சரணத்தைப் பிழையில்லாமல் பாடுவார், கர்த்தருடைய ஜெபத்தில் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வார். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் அந்தப் பாட்டையே ஆராதனையில் பாடச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, சர்ச்சுக்குப் போகாத அந்த வருடங்களால் அதற்கு முந்தின வருடங்கள் குறைந்துவிடாது.

அடக்கத்துக்கு வர முடியல. அப்புறம் நினைவுகூர எந்த நாள் சரி?

சபைக்குச் சபை வேறு. கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் 3ஆம், 9ஆம், 40ஆம் நாள் ஜெபங்கள் உண்டு. ஜெர்மானிய லுத்தரன் மரபில் திருவருகைக் காலத்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களுக்கு) முந்தின கடைசி ஞாயிறு, 1816இல் பிரஷ்ய அரசர் ஏற்படுத்தியது. இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதனால் உங்கள் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வாழ்ந்ததற்காக நன்றி சொல்வதில் யாருக்கும் மறுப்பு இல்லை, அதற்கு எந்த ஞாயிறும் சரிதான்.

உடல் எங்கோ தூரத்தில் இருக்கிறதே என்று வருந்துகிறவர்களுக்கு மறுபடியும் மோனிக்காதான். அவர் சாகக் கிடந்தபோது, சொந்த நாட்டில் இல்லாமல் வெளிநாட்டில் இறக்கப்போகிறாரே என்று ஒரு மகன் வருத்தப்பட்டதும், இந்த உடலை எங்கு வேண்டுமானாலும் வையுங்கள், நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

பாட்டி இன்னும் உயிரோடதான் இருக்காங்க. இப்பவே எழுதி வைக்கிறது அபசகுனமா தெரியாதா?

எழுதி வைக்கிறோம் என்றே சொல்ல வேண்டாம், கதை கேளுங்கள். வயதானவர்களுக்கு யாராவது உட்கார்ந்து கேட்டால் போதும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்ல" என்பார். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, இது யார், இந்த இடம் எது, அன்றைக்கு எதற்காக எடுத்தது என்று தொடங்குங்கள், சொல்லச் சொல்லப் போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள்.

சர்ச்சைப் பற்றியும் கேளுங்கள். முதன்முதலில் யார் கூட்டிப்போனார்கள், எந்தப் பாட்டு பிடிக்கும், எந்த ஜெபத்துக்குப் பதிலே வரவில்லை, எப்போதாவது போவதை நிறுத்தலாமா என்று தோன்றியதா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். தன் அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு, எந்த வசனம், எந்தச் சேலை என்று சிலர் தாங்களாகவே சொல்ல ஆரம்பிப்பார்கள். பதறி வாயை அடைக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர் அதை எப்போதோ முடிவு செய்து, கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்திருப்பார்.